தூரத்தை விற்ற கப்பல்கள்

1938 ஆகஸ்டில் 'குயீன் மேரி' கப்பல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கிழக்கு நோக்கி 3 நாள் 20 மணி 42 நிமிடத்தில் கடந்து சாதனை படைத்தது. 2004இல் ஓடத் தொடங்கிய 'குயீன் மேரி 2' அதே கடலைக் கடக்க இப்போது பெரும்பாலும் 7 இரவுகள் எடுத்துக்கொள்கிறது. இரண்டும் கியூனார்டு நிறுவனத்தின் பெயரில் ஓடியவை. சவுத்தாம்டன், நியூயார்க் என்ற இரண்டு முனைகளும் மாறவில்லை. புதிய கப்பலாலும் மணிக்கு 30 கடல் மைல் வேகத்தில் ஓட முடியும். ஆனால் அப்படி ஓடிச் சீக்கிரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் டிக்கெட் வாங்கியவர்கள் ஏமாந்துபோவார்கள்.

ஒரு காலத்தில் கப்பல் நிறுவனங்கள் தூரத்தை விற்றன. ஹாம்பர்கிலிருந்து நியூயார்க், பம்பாயிலிருந்து லண்டன், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு என்று ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுசேர்ப்பதற்கே காசு வாங்கின. கடல் இடையில் கிடந்த தடை. இன்றைய குரூஸ் நிறுவனங்கள் பொழுதை விற்கின்றன. மயாமியில் ஏறியவர் ஒரு வாரம் கழித்து மயாமியிலேயே இறங்குகிறார். விற்கும் சரக்கு மாறியதும் கப்பலின் வேகம் மாறியது, வடிவம் மாறியது. யார் பயணியாக ஏறுகிறார், யார் வேலைக்காரராக ஏறுகிறார் என்பதும் மாறியது. இந்தக் கடைசி மாற்றத்தைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசியிருக்கிறோம்.

பழைய லைனர் கப்பல்களைப் பற்றிய ஏக்கத்துக்கு உலகெங்கும் நல்ல விலை இருக்கிறது. 1935இல் வந்த பிரெஞ்சுக் கப்பல் 'நார்மண்டி'யின் முதல் வகுப்பு உணவுக்கூடம் 90 மீட்டருக்கு மேல் நீளம். 700 பேர் ஒரே நேரத்தில் உட்காரலாம். லாலிக் கண்ணாடி விளக்குகள் கூடம் முழுக்க எரிந்தன. குயீன் மேரியின் உணவுக்கூடச் சுவரில் அட்லாண்டிக்கின் வரைபடம் ஒன்று இருந்தது. கப்பல் போகப் போக, படிகத்தால் செய்த சின்னக் கப்பல் ஒன்று அந்தப் படத்தில் நகரும். சாப்பிட்டுக்கொண்டே எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம். படங்களிலும் நாவல்களிலும் நாம் கண்டு மயங்குவதெல்லாம் இந்தக் கூடங்களைத்தான். இந்த நினைவுகள் அத்தனையும் மேல்தளத்தில் இருந்தவர்களுடையவை. இப்படிப்பட்ட கூடங்களுக்குள் கால்வைக்க முடியாதவர்கள் கொடுத்த டிக்கெட் காசில்தான் அந்தத் தொழில் வளர்ந்திருந்தது.

*

19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து முதல் உலகப் போர்வரை அட்லாண்டிக் கப்பல்களை நிரப்பியவர்கள் பிழைப்புத் தேடிக் கிளம்பிய ஐரோப்பிய ஏழைகள். இத்தாலியின் தென்பகுதியிலிருந்து, அயர்லாந்திலிருந்து, ரஷ்யப் பேரரசின் யூதக் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். 'ஸ்டீரேஜ்' எனப்பட்ட அடித்தளத்தில், அடுக்குப் படுக்கைகளில் அவர்கள் கடலைக் கடந்தார்கள். 1912இல் டைட்டானிக் வந்தபோது நிலைமை ஓரளவு முன்னேறியிருந்தது. அதன் மூன்றாம் வகுப்பில் கதவு வைத்த அறைகளும் மேசையில் பரிமாறும் சாப்பாடும் உண்டு. ஆனால் அங்கிருந்த 700 பேருக்குக் குளியல் தொட்டி மொத்தம் 2. வகுப்புகளைப் பிரித்த கதவுகளை நிறுவனத்தின் திமிர் மட்டும் வைக்கவில்லை. தொற்றுநோய்க்கு அஞ்சிய அமெரிக்கக் குடியேற்றச் சட்டமும் அவற்றைக் கேட்டது. நியூயார்க் போய்ச் சேர்ந்த பின்னும் பிரிவினை தொடர்ந்தது. முதல் இரண்டு வகுப்பினரைக் கப்பலிலேயே மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். ஸ்டீரேஜில் வந்தவர்கள் படகில் எல்லிஸ் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டு, கண்ணிமையைப் புரட்டிப் பார்க்கும் மருத்துவர் முன் வரிசையில் நின்றார்கள்.

வங்காள விரிகுடாவிலும் இதே கணக்குதான். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. கேபின்களில் கொஞ்சம் பேர். டெக்கில் 5,000 பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ளத் தொடக்கத்தில் அதற்கு உரிமம் இருந்தது. டெக் டிக்கெட் என்றால் படுக்கை கிடையாது. பாயும் பெட்டியும் அவரவருடையது, விரித்த இடமே அறை. கரை நெருங்கியதும் டெக் பயணிகள் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவிலோ சிங்கப்பூருக்குத் தெற்கேயுள்ள செயின்ட் ஜான்ஸ் தீவிலோ குவாரண்டைன் முகாமில் அடைக்கப்பட்டார்கள். கேபின்காரர்கள் ஊருக்குள் போனார்கள். கிருமி டிக்கெட்டின் விலையைப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டிக்கொள்ளும் என்பதில் நியூயார்க் அதிகாரிகளுக்கும் பினாங்கு அதிகாரிகளுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1907இல் எடுத்த 'ஸ்டீரேஜ்' புகைப்படம் நவீனப் புகைப்படக் கலையின் முதல் சாதனைகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவுக்கு வந்துசேரும் ஏழைகளின் படம் என்றே பலரும் அதைப் பார்க்கிறார்கள். உண்மையில் அந்தக் கப்பல் ஐரோப்பாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது; படத்தில் இருப்பவர்கள் திரும்பிப்போகிறவர்கள். முதல் வகுப்புப் பயணியான ஸ்டீக்லிட்ஸ், தன் வகுப்பாரின் பகட்டைப் பொறுக்க முடியாமல் டெக்கின் கோடிக்கு நடந்துபோய்க் கீழே பார்த்தபோது கண்ட காட்சி அது. ஒரே சட்டகத்துக்குள் மேல்தளமும் கீழ்த்தளமும் இருக்கின்றன, நடுவில் ஒரு நடைபாலம் குறுக்கே ஓடுகிறது. இந்தப் படம் சொல்லும் செய்தி எளிமையானது. லைனரின் அநியாயம் கண்ணுக்குத் தெரிந்தது. மேலிருந்து குனிந்தால் கீழே இருப்பவரைப் பார்க்கலாம், கீழிருந்து நிமிர்ந்தால் மேலே இருப்பவரைப் பார்க்கலாம். பொறாமைப்படவும் வெட்கப்படவும் கோபப்படவும் அதில் இடமிருந்தது.

குரூஸ் என்ற தொழிலுக்கு விதை போட்டவர்களில் முக்கியமானவர் ஹாம்பர்கைச் சேர்ந்த ஆல்பர்ட் பாலின். அவருடைய குடும்பத்தின் தொழில் குடியேறிகளுக்கு டிக்கெட் ஏற்பாடு செய்வது. ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்தின் தலைவராக உயர்ந்தபோதும் அவருடைய பெரும் வாடிக்கையாளர்கள் ஸ்டீரேஜ் பயணிகளே. 1901இல் ஹாம்பர்கின் ஃபெடல் பகுதியில் அவர்கள் தங்கக் கூடங்களே கட்டிவைத்தார். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கில் கூட்டம் குறையும், கப்பல் சும்மா நிற்கும். 1891 ஜனவரியில் 'அகுஸ்டா விக்டோரியா'வைப் பணக்காரர்களோடு மத்தியதரைக் கடலுக்குச் சுற்றுலா அனுப்பினார். அது ஓடியது. 1900இல் சுற்றுலாவுக்கென்றே 'பிரின்செசின் விக்டோரியா லூயிசே' என்ற கப்பலைக் கட்டவைத்தார். அதில் முதல் வகுப்புப் பயணிகளுக்கு மட்டுமே அறை இருந்தது. மூன்றாம் வகுப்பே இல்லாத கப்பல் அப்படித்தான் பிறந்தது. ஏழைகளின் பயணத்தில் சேர்ந்த பணம், ஏழைகள் பயணம் செய்யாத கப்பலைக் கட்டியது.

*

லைனரில் இன்னொன்றும் இருந்தது: வெறும் பொழுது. கம்பெனி உங்களைக் கொண்டுசேர்க்கக் கடமைப்பட்டிருந்தது. உங்கள் பகலை நிரப்ப அவ்வளவாகக் கடமைப்படவில்லை. டெக் நாற்காலியை வாடகைக்கு எடுத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடக்கலாம். நேற்று நண்பகலிலிருந்து இன்று நண்பகல்வரை கப்பல் எத்தனை மைல் ஓடியிருக்கும் என்று பந்தயம் கட்டலாம். வாந்தி எடுக்கலாம். மற்ற நேரமெல்லாம் கடலும் நீங்களும்தான்.

அந்த வெறும் பொழுதிலிருந்து வந்தவற்றைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பிய 'கில்டோனன் காசில்' கப்பலில், கப்பலின் தாள்களிலேயே, காந்தி 10 நாளில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். 1921இல் இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா'வில் திரும்பிய சி.வி. ராமன், கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வியோடு கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தை நீரை நோக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். ஒளிச்சிதறல் பற்றிய அவருடைய அடுத்த ஏழாண்டு வேலைக்கு அது தொடக்கம். 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் 'பில்ஸ்னா'வில் ஏறிய 19 வயது சந்திரசேகர், முதல் சில நாள் கடல்நோயில் கிடந்து எழுந்தபின், வெண்குறுமீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்ற கணக்குக்கு வந்துசேர்ந்தார். அதற்கான நோபல் பரிசு 1983இல் வந்தது. 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் போய்க்கொண்டிருந்த 'சமாரியா'வில் ஏ.கே. செட்டியாருக்குக் காந்தியைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் தோன்றியது.

இவர்கள் எல்லோரும் கேபின் பயணிகள் என்பதை மறந்துவிடக் கூடாது. டெக்கில் பாயை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கும் அதே வெறும் பொழுது கிடைத்தது. எழுத மேசை கிடைக்கவில்லை. பினாங்கில் யாரைப் பார்ப்பது, கங்காணியின் கணக்கை எப்படி அடைப்பது என்று அவர் போட்ட கணக்குகளும் கணக்குகள்தான். அவற்றை வெளியிட ஆய்விதழ் இல்லை.

*

இந்த உலகம் இரண்டு அடிகளில் முடிந்தது. 1924இல் அமெரிக்கா குடியேற்றத்துக்கு ஒதுக்கீடு வைத்துக் கதவை ஏறக்குறைய மூடியது, ஸ்டீரேஜ் காலியானது. நிறுவனங்கள் அந்த இடத்துக்கு வெள்ளையடித்து, மேசை விரிப்புப் போட்டு, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் மலிவுச் சுற்றுலா வகுப்பாக விற்றன. 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. தூரத்தை விற்கும் கடை அதன்பின் ஆகாயத்துக்குப் போய்விட்டது.

இந்த மாற்றம் முழுவதையும் தன் உடம்பிலேயே அனுபவித்த ஒரு கப்பல் உண்டு. 1960இல் வெள்ளோட்டம் விடப்பட்டு, 1962 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய 'பிரான்ஸ்'. நீளம் 315 மீட்டர். அந்த ஆண்டு டிசம்பரில் மோனலிசா ஓவியம் அமெரிக்கா போனது இந்தக் கப்பலில்தான். பயணிகளின் நாய்களுக்குக்கூட, நியூயார்க் நாய்க்கு ஒரு தீயணைப்புக் குழாயும் பாரிஸ் நாய்க்கு ஒரு மைல்கல்லும் மேல்தளத்தில் நட்டுவைத்திருந்தார்கள். எண்ணெய் விலை ஏறியது, அரசு மானியத்தை நிறுத்தியது. 1974இல் பணியாளர்கள் லஹாவ்ர் துறைமுகத்துக்கு வெளியே கப்பலைக் கைப்பற்றிப் போராடினார்கள், பயனில்லை. 1979இல் நார்வே நாட்டு முதலாளி நுட் குளோஸ்டர் அதை வாங்கி 'நார்வே' என்று பெயர் மாற்றினார். 4 புரொப்பெல்லர்களில் 2 கழற்றப்பட்டன. 30 கடல் மைல் வேகம் கரீபியச் சுற்றுலாவுக்குத் தேவையில்லை; அந்த வேகத்துக்கு எரியும் எண்ணெய்தான் செலவு. அட்லாண்டிக் அலைகளைப் பிளக்க ஆழமாகக் கட்டப்பட்ட அதன் அடிப்பாகம் கரீபியத் தீவுகளின் துறைகளுக்குள் நுழையாது. எனவே பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோக இரண்டு பெரிய படகுகளை அதன் முன்தளத்தில் ஏற்றிவைத்தார்கள். முதல் வகுப்பையும் சுற்றுலா வகுப்பையும் பிரித்த தடுப்புகள் நீக்கப்பட்டன. எல்லோரும் ஒரே வகுப்பு என்றானது. பயணிகளைப் பொறுத்தவரை அது உண்மை.

2024 ஜனவரியில் மயாமியிலிருந்து கிளம்பிய 'ஐக்கான் ஆஃப் தி சீஸ்' அந்த வழியின் இன்றைய எல்லை. மொத்த டன் அளவில் டைட்டானிக்கைப் போல 5 மடங்குக்கு மேல். 20 தளங்கள், 6 நீர்ச்சறுக்குகள், அதிகபட்சம் 7,600 பயணிகள், 2,350 பணியாளர்கள். இங்கே வெறும் பொழுதுக்கு இடமில்லை, ஏனென்றால் வெறும் பொழுதில் வருமானமில்லை. டிக்கெட்டுக்கு வெளியே மதுக்கடையிலும் சூதாட்டக் கூடத்திலும் இணைய இணைப்பிலும் கரைச் சுற்றுலாவிலும் பயணி செலவழிப்பது நிறுவன வருவாயில் கணிசமான பங்கு. கரைகூடக் கம்பெனியுடையதாக இருந்தால் நல்லது என்று பஹாமாஸின் கோகோகே, ஹைத்தியின் லபாடி போன்ற தனிக் கடற்கரைகளைக் குத்தகைக்கு எடுத்துவைத்திருக்கிறார்கள். தேரைச் சுற்றிவந்து நிலைக்கே கொண்டுவந்து நிறுத்துவதுபோல, கப்பலையும் கிளம்பிய துறைக்கே திருப்பி நிறுத்துகிறார்கள். ரஜூலா கிளம்பிய அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் 'எம்பிரஸ்' என்ற குரூஸ் கப்பல் கிளம்பியது. நடுக்கடலுக்குப் போய்விட்டுச் சென்னைக்கே திரும்பும் பயணமும் அதன் அட்டவணையில் இருந்தது.

இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் மூதாட்டி பேரப்பிள்ளைகளோடு கடலைப் பார்ப்பது, சம்பளக்காரக் குடும்பம் ஒரு வாரம் சமைக்காமல் இருப்பது, பக்கத்து மேசைக்காரரின் சாதி, வர்க்கம் தெரியாமலே உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாம் லைனர் காலத்தில் நடந்திருக்காது. அன்றைக்குப் பிறந்திருந்தால் நம்மில் பெரும்பாலோருக்கு நார்மண்டியின் கண்ணாடி விளக்குகள் கிடைத்திருக்காது. ரஜூலாவின் டெக் கிடைத்திருக்கும். ஏக்கப்படுகிறவர்கள் எந்த டிக்கெட்டுக்கு ஏங்குகிறோம் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்வது நல்லது.

*

என் குறை வேறு. மூன்றாம் வகுப்பு ஒழிந்துவிட்டதாக நம்பவைக்கப்படுகிறோம். அது பயணியர் பட்டியலிலிருந்து பணியாளர் பட்டியலுக்கு இடம் மாறியிருக்கிறது. அன்றைக்கு ஏழை நாடுகளின் மக்கள் கப்பலின் அடித்தளத்தில் படுத்துக்கொண்டு வேலையைத் தேடிப் போனார்கள். இன்றைக்கு அந்த அடித்தளமே வேலை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வருபவர்கள் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில், நீர்மட்டத்தையொட்டிய ஜன்னலில்லாத அறைகளைப் பகிர்ந்துகொண்டு, வாரவிடுமுறை இல்லாமல் உழைக்கிறார்கள். சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே 24 மணி நேரத்தில் 10 மணி ஓய்வு கொடுத்தால் போதும் என்கிறது. பெரிய குரூஸ் கப்பல்கள் பலவும் பஹாமாஸ் அல்லது பனாமா கொடியைப் பறக்கவிடுகின்றன. எனவே அமெரிக்கத் துறைமுகத்தில் அமெரிக்கப் பயணிகளுக்குப் பரிமாறுபவருக்கு அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது.

ஸ்டீக்லிட்ஸ் நின்ற இடம் இந்தக் கப்பல்களில் இல்லை. பணியாளருக்கெனத் தனி நடைவழி, தனி லிஃப்ட், தனி உணவுக்கூடம். பயணியின் கண்ணில் படும்போது அவர் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது வேலையின் ஒரு பகுதி. அன்றைய அநியாயம் குனிந்தால் தெரிந்தது. இன்றையதை மறைப்பதற்கென்றே கப்பல் வடிவமைக்கப்படுகிறது. பயணிகளுக்குள்ளும் வகுப்பு திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அட்டையைக் காட்டினால்தான் திறக்கும் கதவுக்குப் பின்னால், தனி நீச்சல்குளமும் தனி உணவகமும் கொண்ட 'கப்பலுக்குள் கப்பல்' பல நிறுவனங்களில் விற்பனையாகிறது.

கேடு வரும்போதுதான் இந்த ஏற்பாட்டின் எலும்பு தெரிகிறது. 2003 மே 25 அன்று மயாமி துறைமுகத்தில் 'நார்வே'யின் கொதிகலன் வெடித்தது. இறந்தவர்கள் 8 பேர், அனைவரும் பணியாளர்கள். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் 'டயமண்ட் பிரின்சஸ்' கொரோனா தொற்றால் 3,711 பேரோடு நிறுத்திவைக்கப்பட்டபோது, பயணிகள் தத்தம் அறைகளில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். பணியாளர்கள் தொடர்ந்து சமைத்தார்கள், கதவு கதவாகச் சாப்பாடு கொண்டுபோனார்கள், இரவில் பகிர்ந்துகொண்ட அறைக்குத் திரும்பினார்கள். அவர்களில் 132 பேர் இந்தியர்கள். எல்லிஸ் தீவும் ஜெரெஜாக் தீவும் ஏழையைத் தனியே பிரித்து அடைத்தன. இந்தக் கப்பலில் தனிமை என்பது காசு கொடுத்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. அது மறுக்கப்பட்டவர் ஏழை.

வெடிவிபத்துக்குப் பின் 'நார்வே' மறுபடி பயணிகளை ஏற்றவில்லை. 2006இல் குஜராத்தின் அலங் கடற்கரையில் ஏற்றப்பட்டது. உள்ளே இருந்த ஆஸ்பெஸ்டாசைக் காரணம் காட்டிச் சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்காடின. 2007 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உடைக்க அனுமதித்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிஹாரிலிருந்தும் ஒடிஷாவிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்கள் அதை இரும்பாக அறுத்தார்கள். அதன் மூக்குப் பகுதி மட்டும் பத்திரமாக வெட்டப்பட்டு பிரான்சுக்குத் திரும்பி, 2009இல் பாரிஸில் ஏலம் போனது.

எல்லிஸ் தீவுக்கு வந்தவர்களின் பெயர், வயது, சொந்த ஊர், கையிலிருந்த பணம்வரை எழுதிவைத்த பயணியர் பட்டியல்களை இன்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். லட்சக்கணக்கான குடும்பங்களின் வரலாறு அதிலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. குரூஸ் கப்பல்களின் பணியாளர் பட்டியல்கள் நிறுவனங்களின் கோப்புகளில் இருக்கின்றன. அவற்றை யாரும் தேடுவதில்லை. ரஜூலாவின் டெக்கில் போனவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். குரூஸ் கப்பல்களின் சமையற்கூடத்திலும் இயந்திர அறையிலும் இருந்துவிட்டு வந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் எழுத வேண்டும். எழுத வராதவர்களிடம் நாம் போய்க் கேட்டு எழுத வேண்டும். மேல்தளத்தைப் பற்றிய புத்தகங்கள் போதுமான அளவு வந்துவிட்டன.